விலங்குருவ வெண்கல விறகுத் தாங்கிகள்: பழைய பிரெஞ்சு ஜோடியை ஆராய்ந்து வாங்கிப் பேணும் முறை

பிரான்சின் பழைய வீடுகளில் கணப்பே அறையின் நடுநாயகம். விறகுக் கட்டைகள் சாம்பலில் புதைந்து புகையாமல் சற்றே உயர்ந்து கிடக்கவும், அடியில் காற்றுப் புகுந்து தீ சீராகப் பிடிக்கவும், கணப்பின் இருபுறமும் இரண்டு தாங்கிகளை வைத்தார்கள். கட்டையின் எடையைச் சுமப்பது பின்னால் நீளும் இரும்புத் தண்டுதான். அறையில் அமர்ந்திருப்பவர்களின் கண்ணில் படுவது முன்னால் நிற்கும் வெண்கல முகப்பு. அந்த முகப்பில் கலைமானும் காட்டுப்பன்றியும், நாயும் பூனையும், சிங்கமும் ஒட்டகமும் வந்து அமர்ந்தன. ஏலக் கூடங்களிலும் பழம்பொருள் சந்தைகளிலும் ‘ஷெனே’ என்ற பெயரில் இன்றும் இவை ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழும் நம்மவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் இவற்றைக் கண்டு ஆசைப்பட்டு விலை கேட்டிருப்பார்கள். அப்படி ஒரு ஜோடியின் முன் நிற்கும்போது எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதையும், வாங்கியபின் அதை எப்படிக் கெடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முகப்பை ரசிப்பதற்கு முன் பின்புறத்தைப் பாருங்கள். நகல் செய்தவர்கள் தங்கள் உழைப்பு முழுவதையும் முகப்பில்தான் கொட்டினார்கள், ஏனென்றால் வாங்குபவர் அதைத்தான் பார்ப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். பின்புறமும் அடிப்புறமும் உட்குழிவும் யாருக்காகவும் ஒப்பனை செய்யப்படாதவை. அந்தப் பொருள் எப்போது, எந்தக் கருவியால், எவ்வளவு அக்கறையோடு செய்யப்பட்டது என்பதை அவையே சொல்லும்.

எந்த விலங்கு, எந்தக் காலம்

விலங்கை வைத்தே காலத்தை முடிவு செய்துவிட முடியாது. ஆனால் எங்கே தேடுவது என்று அது திசை காட்டும். தீயில் வாழும் என்று பழங்கால ஐரோப்பியர் நம்பிய, பல்லி போன்ற சாலமாண்டர், 1515 முதல் 1547 வரை ஆண்ட முதலாம் பிரான்சுவா மன்னரின் சின்னம். புளுவா, ஷாம்போர் அரண்மனைகளின் சுவர்களிலும் கணப்புகளிலும் அதை இன்றும் காணலாம். கணப்புக்கு அதைவிடப் பொருத்தமான உயிரினம் இல்லை என்பதால், பிற்காலத்தில் பழைமையை விரும்பிய வீட்டுக்காரர்களும் சாலமாண்டர் பொறித்த தாங்கிகளைச் செய்வித்துக்கொண்டார்கள். ஆகவே சாலமாண்டரைக் கண்டதும் பதினாறாம் நூற்றாண்டு என்று எண்ணிவிட வேண்டாம். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

பதினைந்தாம் லூயி ஆண்ட 1715 முதல் 1774 வரையிலான காலம்தான் பொன்முலாம் பூசிய விலங்குருவத் தாங்கிகளின் செழிப்பான காலம். அரசரும் பிரபுக்களும் வேட்டையில் ஊறியவர்கள் என்பதால் கலைமானும் காட்டுப்பன்றியும் இணையாக வந்தன. வெண்கலக் கலைஞர் கந்தான் குளோது பித்துவான் செய்து 1772இல் ஃபோந்தென்புளோ அரண்மனையில் மன்னரின் ஆசைநாயகி மதாம் து பாரியின் வரவேற்பறைக்கு அளித்த கலைமான், காட்டுப்பன்றி ஜோடி இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலத்து நகல்களுக்கெல்லாம் தாய் போன்ற வடிவம் அது. வாங்கும் எண்ணம் உள்ளவர் யாராக இருந்தாலும் ஒருமுறை நேரில் சென்று அதன் முன் நிதானமாக நிற்பது, பத்து விற்பனைப் பட்டியல்களைப் படிப்பதைவிடப் பயன் தரும். இதே காலத்தில் பரவிய இன்னொரு வகை, பஞ்சணைகளின் மேல் எதிரெதிராக அமர்ந்த பூடில் நாயும் பூனையும். வீட்டுக்குள் வளரும் செல்லப் பிராணிகள் என்பதாலோ என்னவோ, அடுத்த நூற்றாண்டில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்டவற்றில் இந்த ஜோடியும் ஒன்று.

பதினாறாம் லூயி காலத்தில் வளைவுகள் அடங்கி, நேர்கோடுகளும் மாலைகளும் சாடிகளும் வந்தன. 1777இல் ஃபோந்தென்புளோவில் அரசி மரீ அந்துவானெத்தின் துருக்கிய அறைக்காகப் பியேர் கூத்தியேர் செய்த ஒட்டகத் தாங்கிகள் அந்தக் கால ரசனைக்கும் பொன்முலாம் வேலையின் உச்சத்துக்கும் சான்று. 1732இல் பிறந்து 1813இல் மறைந்த கூத்தியேர், மெருகேறிய பொன்னையும் மங்கலான பொன்னையும் அடுத்தடுத்து நிறுத்தி ஒளியோடு விளையாடத் தெரிந்தவர். நெப்போலியன் பேரரசராக இருந்தபோது சிங்கம், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின், மனித முகமும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்க்ஸ் ஆகியவை விறைப்பான சமச்சீரோடு வந்தன. 1798இல் தொடங்கிய எகிப்தியப் படையெடுப்பு ஸ்பிங்க்ஸ் மீதான மோகத்தைப் பெருக்கியது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, பூர்போன் வம்சத்து லூயி மன்னர்களின் காலத்திலேயே, பெண் முகமும் சிறகும் கொண்ட ஸ்பிங்க்ஸ் தாங்கிகள் இருந்தன. விலங்கின் பெயரைவிட அதன் உடல் எப்படி நிற்கிறது, அடித்தளம் எப்படி வளைகிறது என்பதே நல்ல அடையாளம்.

1840க்குப் பிறகு பழைய மன்னர் காலப் பாணிகளுக்கு மறுவாழ்வு வந்தது. ஃபெர்தினான் பார்பெதியேன், ஆன்ரி தாசோன், அல்ஃபிரெத் பெர்தெலே, பூவோன் சகோதரர்கள் போன்ற பட்டறைகள் பாரிஸில் மிக உயர்ந்த தரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு வடிவங்களைத் திரும்பச் செய்தன. இவற்றை மட்டமான நகல் என்று ஒதுக்குவது பிழை. சந்தேகத்துக்கு இடமான ‘லூயி காலத்து’ ஜோடியைவிட, தாசோன் கையொப்பமும் ஆண்டும் பொறித்த ஒரு நேர்மையான ஜோடியையே நான் பரிந்துரைப்பேன்.

கவிழ்த்துப் பார்ப்பது

விற்பவரிடம் அனுமதி கேட்டு, தடித்த துணி ஒன்றை மேசைமேல் விரித்து, தாங்கியை அதன்மேல் மெல்லப் படுக்க வையுங்கள். தூக்கும்போது விலங்கின் கழுத்தையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. அடித்தளத்தை இரு கையாலும் ஏந்த வேண்டும். ஒரு சிறு டார்ச் விளக்கு, ஒரு உருப்பெருக்கி, ஒரு காந்தம், ஒரு அளவு நாடா ஆகியவை போதும்.

முதலில் உலோகம். வெண்கலம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் பட்டறைகள் முலாம் பூசுவதற்காக வார்த்த கலவை பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும், கூடவே சிறிது வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்தது. அதாவது பித்தளைக்கே நெருக்கமானது. அதனால் ‘இது பித்தளைதானே’ என்று யாராவது குறையாகச் சொன்னால் கலங்க வேண்டியதில்லை. கலங்க வேண்டியது ‘ரெகூல்’ எனப்படும் துத்தநாகக் கலவையைக் கண்டால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவு விலைக்காக அதில் வார்த்து, மேலே வெண்கல நிறமோ மெல்லிய முலாமோ கொடுத்தார்கள். காந்தம் இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. வார்ப்பிரும்பை மட்டுமே காந்தம் காட்டிக் கொடுக்கும். தேய்ந்துபோன ஓரத்தையோ ஏற்கெனவே உள்ள கீறலையோ உருப்பெருக்கியால் பாருங்கள்: மஞ்சளாகவோ செம்மையாகவோ தெரிந்தால் செம்புக் கலவை, சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகம். விரல் கணுவால் தட்டினால் வெண்கலம் கணீரென்று நீண்டு ஒலிக்கும், துத்தநாகம் மொத்தென்று அடங்கிவிடும். இந்த வேறுபாடு அழகைப் பற்றியது மட்டுமன்று. துத்தநாகம் 419 பாகை செல்சியஸிலேயே உருகும், செம்புக் கலவைகளோ ஏறத்தாழ 900 பாகை வரை தாங்கும். எரியும் கணப்பில் வைக்கப்போகிற பொருளுக்கு இது உயிர்நாடியான செய்தி.

அடுத்து வார்ப்பு. விலங்கின் உடலை ஒரே துண்டாக வார்ப்பது அரிது. கொம்பு, வால், சில சமயம் கால்கள், அடித்தளத்தின் இலைச்சுருள்கள் எல்லாம் தனித்தனியாக வார்க்கப்பட்டு, திருகாணியாலும் மரையாலும் இணைக்கப்பட்டன. உட்புறத்திலிருந்து இந்த இணைப்புகளைப் பார்க்கலாம். கையால் வெட்டிய பழைய திருகாணியின் புரிகள் சீராக இருக்காது; ஒரு புரி அகலமாகவும் அடுத்தது ஒடுங்கியும் இருக்கும், தலையின் வெட்டு நடுவிலிருந்து சற்றே விலகியிருக்கும், மரை கையால் அரமிட்ட சதுரமாக இருக்கும். எந்திரத்தில் வெட்டிய ஒரே சீரான திருகாணிகள் எல்லா இடத்திலும் இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் கொண்டுபோக வேண்டாம். ஒன்றிரண்டு மட்டும் புதிதாக இருந்தால் அது பழுதுபார்ப்பாக இருக்கலாம், அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. பழைய பட்டறைகள் எந்தத் துண்டு எதனோடு சேரும் என்று நினைவு வைக்க, உட்புறத்தில் அரத்தால் சிறு வெட்டுகளையோ புள்ளிகளையோ ரோமன் எண்களையோ போட்டன. இரண்டு வெட்டு போட்ட வால் இரண்டு வெட்டு போட்ட உடலில் இருக்கிறதா என்று சரிபார்ப்பது, ஒரு பொருள் தன் உறுப்புகளோடு முழுமையாக இருக்கிறதா என்று அறியும் நல்ல வழி.

பொன்முலாம் எப்படிப் பூசப்பட்டது என்பதையும் பின்புறமே சொல்லும். பழைய முறையில் பொன்னைப் பாதரசத்தில் கலந்து பசையாக்கி, வெண்கலத்தின் மேல் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கினார்கள். பொன் மட்டும் உலோகத்தோடு ஒட்டி நின்றது. பொன் விலை உயர்ந்தது என்பதால் முகப்பில் மட்டுமே பூசினார்கள். ஓரத்தைக் கடந்து பின்புறத்தில் பசை வழிந்த இடத்தில் ஒழுங்கற்ற பொன் விளிம்பு தெரியும், அதற்கப்பால் செம்மை கலந்த பழுப்பு வெறும் உலோகம் தெரியும். மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு 1840இல் இங்கிலாந்தில் எல்கிங்டன் காப்புரிமை பெற்றார், 1842இல் பிரான்சில் கிறிஸ்தோஃபிள் அதன் உரிமையை வாங்கினார். தொட்டியில் முழுதாக மூழ்கவைப்பதால் அந்தப் பொருளின் பின்புறமும் உட்குழிவும் ஒரே மெல்லிய, சீரான மஞ்சளாக மின்னும். பின்புறம் முழுவதும் பளபளவென்று பொன்னாக இருப்பதைக் கண்டு மகிழ்பவர்கள் உண்டு. அங்கேதான் எச்சரிக்கை தேவை.

இந்தப் பாதரச வேலை எத்தனை உயிர்களைத் தின்றது என்பதையும் மறக்கக் கூடாது. முலாம் பூசியவர்கள் நடுங்கும் கைகளோடும் உதிர்ந்த பற்களோடும் இளமையிலேயே ஓய்ந்தார்கள். வெண்கலப் பட்டறை நடத்திய ஆந்துவான் ஆந்த்ரே ராவ்ரியோ 1814இல் இறக்கும்போது, தொழிலாளரை இந்த நஞ்சிலிருந்து காக்கும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 3000 பிராங்க் பரிசு என்று உயிலில் எழுதி வைத்தார். காற்றை மேலே இழுக்கும் உலையை வடிவமைத்த தார்சே என்ற வேதியியலாளர் அந்தப் பரிசை 1818இல் பெற்றார். ஒரு பழைய தாங்கியின் தேய்ந்த பொன்னைப் பார்க்கும்போது அதன் விலை பணத்தால் மட்டும் கொடுக்கப்படவில்லை என்ற எண்ணம் எனக்கு எப்போதும் வருகிறது. அதை மழித்தெடுத்துப் புதுமுலாம் பூசக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பின்புறம் திருப்தி தந்த பிறகே முகப்புக்கு வாருங்கள். இங்கே பார்க்க வேண்டியது நகாசு வேலை. வார்ப்பிலிருந்து வெளிவரும் உருவம் சொரசொரப்பாகவும் மங்கலாகவும் இருக்கும்; சிற்றுளிகளாலும் முத்திரைக் கம்பிகளாலும் தட்டித் தட்டித்தான் அதற்கு மயிரும் தோலும் கண்ணும் கொடுத்தார்கள். நல்ல காட்டுப்பன்றியின் முதுகில் உருப்பெருக்கியை வைத்தால், பிடரி மயிர் ஒவ்வொன்றும் அடியில் ஆழமாகவும் நுனியில் மெலிந்தும் வெட்டப்பட்டிருப்பதும், விலாப்பக்கம் வரும்போது அந்த மயிர் குட்டையாகிப் படிந்து போவதும், காதுக்குப் பின்னால் கலைஞர் வெட்டின் திசையையே மாற்றியிருப்பதும் தெரியும். பூடில் நாயின் சுருள்களிலும் அப்படித்தான்: எந்த இரண்டு சுருளும் ஒன்றுபோல் இருக்காது. மலிவு வேலையில் உடல் முழுவதும் ஒரே ஆழத்தில், ஒரே நீளத்தில், ஒரே திசையில் கோடுகள் ஓடும். பஞ்சணையின் குஞ்சம், விலங்கின் பாதத்துக்கு அடியிலுள்ள மடிப்பு, வயிற்றின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் வேலை நின்றுவிட்டதா, தொடர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மிக உயர்ந்த பட்டறைகள் கண்ணுக்கு அரைகுறையாகவே தெரியும் இடத்திலும் கையை ஓய்த்ததில்லை.

ஏற்கெனவே உள்ள வெண்கலத்தின் மேல் அச்செடுத்து மறுபடி வார்ப்பதும் வழக்கத்தில் உண்டு. உருகிய உலோகம் இறுகும்போது சுருங்குவதால் அப்படிச் செய்த நகல் மூலத்தைவிட ஏறத்தாழ 1.5 முதல் 2 விழுக்காடு சிறியதாக இருக்கும். 40 செ.மீ. உயரமுள்ள உருவத்தில் இது 6 முதல் 8 மி.மீ. வரை வரும். அருங்காட்சியகங்கள் தங்கள் பொருள்களின் அளவை வெளியிடுகின்றன. அதே வடிவத்தின் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு நாடாவால் ஒப்பிடுங்கள். இப்படி அச்செடுத்த பொருளில் நுணுக்கங்கள் எல்லாம் சவர்க்காரம் கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும்.

ஜோடி உண்மையில் ஜோடிதானா

ஒற்றைத் தாங்கியின் விலை ஜோடியின் விலையில் பாதியைவிட மிகக் குறைவு. ஆகவே பிரிந்துபோன இரண்டைச் சேர்த்து விற்பது காலங்காலமாக நடக்கிறது. கணப்பில் வைக்கும்போது இரண்டு விலங்குகளும் பொதுவாக ஒன்றையொன்று நோக்கியோ, சமச்சீராக வெளிப்புறம் நோக்கியோ இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் அவை இரண்டு வெவ்வேறு ஜோடிகளின் ஒரே பாதிகள். கலைமான், காட்டுப்பன்றி போல விலங்குகள் வேறுபட்டிருந்தால் அடித்தளங்களை ஒப்பிடுங்கள்: சுருள்களின் எண்ணிக்கை, தடிமன், பின்புற அரத் தடங்கள், உலோகத்தின் நிறம், திருகாணிகளின் தன்மை எல்லாம் உடன்பிறப்புகளாக இருக்க வேண்டும். எடையையும் பாருங்கள், கை வேலையில் சிறு வேறுபாடு இயல்பு, ஒன்று மற்றதைவிடக் கணிசமாகக் கனத்தால் அது வேறு வார்ப்பு.

உடைந்து ஒட்டிய இடங்களையும் இந்தக் கட்டத்திலேயே தேடிவிடலாம். கலைமானின் கொம்பு, பன்றியின் தந்தம், நாயின் வால் ஆகியவையே முதலில் முறிபவை. ஈயப்பற்று வைத்த பழுது மங்கிய சாம்பல் நிறக் கோடாகத் தெரியும், அதன்மேல் பொன் வண்ணம் தீட்டி மறைத்திருப்பார்கள். பொன் வண்ணம் காலப்போக்கில் பழுப்பேறி, பக்கத்திலுள்ள உண்மைப் பொன்னிலிருந்து பிரிந்து தெரியும்.

பின்னால் உள்ள இரும்புத் தண்டு பெரும்பாலும் மாற்றப்பட்டதாகவே இருக்கும், ஏனென்றால் தீயில் வெந்து தேய்வது அதுதான். தண்டு புதிதாக இருப்பது பெரிய குறை அன்று. ஆனால் பழைய தண்டு என்று சொல்லி விற்றால் சம்மட்டித் தடம் இருக்கிறதா, மின்பற்றுக் (வெல்டிங்) கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்பற்று இருபதாம் நூற்றாண்டின் வேலை. இரண்டு தாங்கிகளையும் இணைக்கும், நீட்டிக் குறைக்கக்கூடிய முன்குறுக்குத் தண்டோடு வருபவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமைப்பு.

முத்திரைகளும் விற்பனைச் சொற்களும்

கையொப்பம் இல்லையே என்று ஏமாற்றமடைய வேண்டாம். மரத்தளவாடம் செய்தவர்களைப் போல் வெண்கலக் கலைஞர்கள் முத்திரையிட வேண்டும் என்ற கட்டாயம் அவர்களின் தொழிற்சங்கங்களில் இருக்கவில்லை. கையொப்பமிட்டவை விதிவிலக்குகள், ஜாக் கஃபியேரி 1752இல் கையொப்பமிட்ட ஒரு ஜோடித் தாங்கிகள் அமெரிக்காவில் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் உள்ளன. கிரீடத்தின் கீழ் ‘சி’ என்ற ரோமன் எழுத்து கொண்ட மிகச் சிறிய முத்திரை ஒன்று சில வெண்கலங்களில் இருக்கும். செம்பு கலந்த பொருள்களுக்கு வரி விதித்தபோது, 1745 மார்ச் முதல் 1749 பிப்ரவரி வரை குத்தப்பட்ட முத்திரை அது. அந்தக் காலத்தில் மறுவிற்பனைக்கு வந்த பழைய பொருள்களிலும் குத்தினார்கள் என்பதால், பொருள் 1749க்குப் பிந்தியது அன்று என்பதை மட்டுமே அது காட்டும். முத்திரையையே போலியாகக் குத்துவதும் உண்டு: உண்மை முத்திரை முலாமுக்கு அடியிலோ அதனோடு சேர்ந்தோ தேய்ந்திருக்கும், புதுக் குத்தின் விளிம்பு கூர்மையாக மின்னும். பின்புறத்தில் ‘பி, ஒய்’ என்ற இரண்டு ரோமன் எழுத்துகள் சேர்ந்திருந்தால் அது பெர்தெலே பட்டறை.

பிரான்சில் வாங்குபவர்களுக்கு 1981 மார்ச் 3ஆம் நாள் ஆணை ஒரு பெரிய பாதுகாப்பு. அதன்படி, விற்பனைச் சீட்டிலோ பட்டியலிலோ ‘பதினைந்தாம் லூயி காலத்தது’ என்று, அதாவது ‘எப்போக்’ என்ற சொல்லோடு எழுதினால், பொருள் அந்தக் காலத்திலேயே செய்யப்பட்டது என்று விற்பவர் உறுதி அளிக்கிறார். ‘பதினைந்தாம் லூயி பாணி’ என்று, அதாவது ‘ஸ்தில்’ என்ற சொல்லோடு எழுதினால் காலத்தைப் பற்றி எந்த உறுதியும் இல்லை. ஒரு கலைஞரின் பெயருக்கு முன் ‘அவருக்கு உரியதாகக் கருதப்படுகிறது’ என்று இருந்தால், பொருள் அவர் வாழ்ந்த காலத்தது என்பதும், அவர் செய்திருக்க வலுவான வாய்ப்பு உண்டு என்பதும் பொருள். வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, கையில் எழுத்தாக வாங்குங்கள். ‘இது அசல் லூயி காலம்’ என்று உறுதியாகப் பேசும் ஒருவர் அதே சொல்லைச் சீட்டில் எழுதத் தயங்கினால், உங்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது.

பெருந்தொகை கொடுக்கும் நிலை வந்தால் எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனை செய்யலாம். பொருளைக் கீறாமலேயே உலோகக் கலவையையும் முலாமில் பாதரசம் எஞ்சியிருப்பதையும் அது காட்டும். பாதரசம் இருந்தால் மின்முலாம் மட்டும் பூசிய பொருள் அன்று என்று தெரியும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நல்ல பட்டறைகள் பாதரச முறையை விடவில்லை என்பதால், அதை மட்டும் வைத்துப் பதினெட்டாம் நூற்றாண்டு என்று சொல்ல முடியாது.

சுத்தம் செய்வது

நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பது பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பொன்முலாம் பூசிய வெண்கலத்தின் பக்கம் கொண்டுவரவே கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர், பித்தளை துலக்கும் பொடி, பிராஸோ போன்ற திரவம் எதுவானாலும் மெல்லிய பொன் படலத்தை அமிலத்தாலோ உராய்வாலோ தின்றுவிடும். ஒருமுறை போன பொன் திரும்பாது. அம்மோனியாவில் ஊறவைப்பது பழைய பழுதுபார்ப்பவர்களின் வழக்கம். அது செம்புக் கலவையை அரிப்பதோடு, இறுக்கம் உள்ள இடங்களில் வெடிப்பையும் உண்டாக்கும்.

முதலில் எல்லாப் பக்கத்திலிருந்தும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மென்மையான மயிர்த் தூரிகையால் சாம்பலையும் தூசியையும் தட்டி, மறுகையில் தூசி உறிஞ்சியின் குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அதை இழுத்துவிடுங்கள். இரும்புத் தண்டை எளிதாகக் கழற்ற முடிந்தால் கழற்றி விடுங்கள், இறுகியிருந்தால் வற்புறுத்த வேண்டாம். பிறகு கனிமம் நீக்கிய நீரில் மணமும் நிறமும் இல்லாத மென்மையான பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகள் விட்டு, பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, பார்வைக்குப் படாத ஓரத்தில் முதலில் சோதியுங்கள். பஞ்சில் கருப்பு வந்தால் அது புகைக்கரி, தொடரலாம். பஞ்சில் பொன் துகளோ மஞ்சள் பழுப்பு வண்ணமோ வந்தால் உடனே நிறுத்துங்கள். அது பழைய மெருகெண்ணெய்ப் பூச்சாகவோ தளர்ந்த முலாமாகவோ இருக்கலாம், அதை அருங்காட்சியகப் பயிற்சி பெற்ற உலோகப் பராமரிப்பாளரே கையாள வேண்டும். உள்ளங்கை அளவுப் பகுதியை எடுத்துக்கொண்டு, பஞ்சை உருட்டியபடி துடைத்து, வேறு பஞ்சில் தூய நீரால் துடைத்து, பருத்தித் துணியால் உடனே உலர்த்தி, அதன்பின் அடுத்த பகுதிக்குப் போங்கள். மெழுகுவர்த்தி சொட்டியிருந்தால் ஒயிட் ஸ்பிரிட் என்ற வண்ணக் கரைப்பானில் நனைத்த பஞ்சு அதைக் கரைக்கும். அப்போது சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அருகில் தீ இருக்கக் கூடாது.

சுருள்களின் பள்ளத்தில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் கூர்மையான மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பி எடுங்கள். எஃகு ஊசியோ கம்பித் தூரிகையோ வேண்டாம். மயிர்க்கோடுகளுக்கு இடையில் இருக்கும் கருமை முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். அந்த நிழல் இருப்பதால்தான் விலங்கின் உரோமம் கண்ணுக்கு ஆழமாகத் தெரிகிறது. முலாமே இல்லாத, பழுப்பு நிறமேற்றிய வெண்கலமாக இருந்தால் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகத் தடவி, காய்ந்தபின் மென்துணியால் துடைக்கலாம். பொன்முலாமுக்கு மெழுகு பொதுவாகத் தேவையில்லை. கையுறை அணிவது இரு காரணங்களுக்காக நல்லது: வியர்வையின் உப்பு உலோகத்தைக் கெடுக்கும், பழைய முலாமில் பாதரசம் சிறிதளவு எஞ்சியிருக்கும். இந்தக் காரணத்தாலேயே முலாம் பூசிய பகுதியை வாயு விளக்கால் சூடாக்கிப் பற்றுவைப்பதோ உப்புத்தாளால் தேய்ப்பதோ உடல்நலத்துக்குக் கேடு. கொம்பை ஒட்ட வேண்டுமென்றாலும் அதை அறிந்தவரிடமே கொடுங்கள்.

இரும்புத் தண்டுக்கு இந்த மென்மை தேவையில்லை. துருவைக் கம்பித் தூரிகையால் உதறி, அடுப்புகளுக்குப் பூசும் காரீயகப் (கிராஃபைட்) பசையைத் தடவி மெருகேற்றினால் போதும். பசை வெண்கலத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணப்பில் வைப்பது, இடம் மாற்றுவது

எரியும் கணப்பில் இவற்றைப் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திடமான ஜோடியைப் பயன்படுத்தலாம், ஆனால் எடையை அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை. கணப்பின் உட்புறம் தனியாக ஓர் எளிய வார்ப்பிரும்புத் தட்டியை வைத்து அதில் கட்டைகளை அடுக்கி, விலங்குத் தாங்கிகளைக் கணப்பு வாயின் இரு ஓரத்திலும், தீநாக்கு எட்டாத தூரத்தில் நிறுத்துங்கள். தீ எரியும்போது பாதுகாப்பான இடத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்து, வெண்கலம் இருக்கும் இடத்தில் கையை வைத்திருக்க முடியாத அளவு வெப்பம் இருந்தால் இன்னும் முன்னே நகர்த்த வேண்டும். ஈரமான விறகின் புகையில் உள்ள அமிலமும் தாரும் பொன்னின் மேல் பிடிவாதமான பழுப்பாகப் படியும் என்பதால், நன்றாகக் காய்ந்த கருவாலி போன்ற கடின மரமே நல்லது. தீ அணைந்த கையோடு சாம்பலை வாரி அப்புறப்படுத்துங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சாம்பல் காரத்தன்மை கொண்டது, அடித்தளத்தில் அது குவிந்து கிடந்தால் களிம்பு அங்கிருந்தே தொடங்கும். பதினெட்டாம் நூற்றாண்டு முலாம் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும் ஜோடியை எரியும் கணப்பில் வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்கிய இடத்திலிருந்து கொண்டுவரும்போதும், வீடு மாறும்போதும், இரண்டையும் ஒரே பெட்டியில் உராயும்படி வைக்கக் கூடாது. கழற்றக்கூடிய இரும்புத் தண்டைத் தனியே கட்டுங்கள். வெண்கலத்தை அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, கொம்பும் வாலும் எதிலும் முட்டாமல் சுற்றிலும் பஞ்சு நுரையால் இடைவெளி விட்டு, அடித்தளம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை பொன்னில் ஏறும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கமாகக் கட்டி மாதக்கணக்கில் விட்டால் உள்ளே ஈரம் தங்கும். நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதாக இருந்தால், வயதையும் மதிப்பையும் பொறுத்துப் பிரான்சின் ஏற்றுமதிச் சான்றிதழ் தேவைப்படலாம் என்பதால், விற்பனைச் சீட்டையும் நீங்கள் எடுத்த புகைப்படங்களையும் ஒன்றாக வைத்து, பணம் கொடுக்கும் முன்பே விற்பவரிடமோ ஏலக்கூடத்திலோ அதைப் பற்றி எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.